கேடிகளின் பாட்டும் கனவான்களின் காதும்

ஸ்பெயின் தேசத்தின் தெற்கே செவில் என்றொரு நகரம் இருக்கிறது. 1987-ம் ஆண்டில், மாணவர் போராட்டம் தேசமெங்கும் கொதித்துக்கொண்டிருந்த நாளில், அந்நகரத்து இளைஞர்கள் சிலர் ஒரு வாத்தியக் கோஷ்டி சேர்த்தார்கள். தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் ‘ரெயின்சிதென்தெஸ்’. ஒரு குற்றத்துக்குத் தண்டனை பெற்றும் திருந்தாமல் மறுபடியும் அதையே செய்கிறவனை ஸ்பானியக் கோர்ட்டில் இந்தச் சொல்லால்தான் குறிப்பார்கள். நம் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷன் பாஷையில் ‘கேடி’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

முப்பது ஆண்டுகளைக் கடந்தும் இந்தக் கேடிகள் திருந்தியதாகத் தெரியவில்லை! 1989-ல் முதல் இசைத்தட்டு. 2017-ல் ‘வெட்கம்’ என்ற பெயரில் ஒரு தட்டு. இடையே பத்துக்கு மேல். கூலி விவசாயியைப் பற்றிப் பாடினார்கள். வேலை கிடைக்காத வாலிபனைப் பற்றிப் பாடினார்கள். வீட்டுக்குள்ளேயே புருஷன் கையால் அடிபடும் பெண்ணைப் பற்றி இவர்கள் பாடிய பாட்டு ஸ்பெயினில் பிரசித்தமானது. பாட்டு என்றால் வீணையும் குழலும் அல்ல. மின்சார கிதார், முரசு, தொண்டை கிழியும் குரல். இந்த ரகத்துக்கு ‘பங்க்’ என்று பெயர்.

இந்தக் கோஷ்டியைப் பற்றி நம் பத்திரிகையில் எழுத என்ன அவசியம்? அவசியம் இருக்கிறது. “பாட்டில் அரசியலைக் கலக்காதே” என்ற உபதேசம் உலகமெங்கும் உண்டு. ஸ்பெயினில் அது உபதேசத்தோடு நிற்கவில்லை. அபராதமாயிற்று, சிறையாயிற்று. பாடியதற்காக ஒருவர் சிறைக்குப் போனார்; இன்னொருவர் தேசத்தை விட்டே ஓட வேண்டியிருந்தது. நிலம் கேட்ட விவசாயத் தொழிலாளியின் முதுகிலும் அதே சர்க்காரின் கைதான் விழுந்தது. ஆகவே இது சங்கீத விமர்சகர்களிடம் விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல.

இந்தக் கேடிகள் மீது இரண்டு பக்கத்திலிருந்து கல் விழுகிறது. ஒரு பக்கம் கனவான்கள். “கலை புனிதமானது, அதில் கட்சி வாடை வீசலாகாது” என்கிறார்கள். மறுபக்கம், சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, நம்மிலேயே சிலர். “இதெல்லாம் மேனாட்டுச் சீரழிவு. தலைமயிரைச் சிலுப்பிக்கொண்டு கூச்சல் போடும் பிள்ளைகளின் விளையாட்டு. தொழிலாளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்பது இவர்கள் வாதம்.

முதலில் நம்மவர்களுக்குப் பதில் சொல்லிவிடுவோம். பங்க் ரகம் 1976, 77-ல் லண்டனில் பிரபலமாயிற்று. அங்கே அதைத் தூக்கிவிட்டவர்களில் ஒருவர் துணிக்கடைக்காரர் என்பது உண்மைதான். கிழிந்த சட்டைக்கும் ஊக்குக்கும் விலை போட்டு விற்றார்கள். தட்டுக் கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டன. பயந்து ஒப்பந்தத்தைக் கிழித்தன. வேறு கம்பெனி வந்து மறுபடி போட்டது. ஜனங்களின் கோபத்தைக்கூடச் சரக்காக்கி விற்கும் சாமர்த்தியம் முதலாளிக்கு உண்டு. ஆனால் ஸ்பெயினில் அந்தச் சத்தம் எழுந்த காலம் வேறு. சர்வாதிகாரி பிராங்கோ செத்தது 1975 நவம்பர் 20-ல். ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் தணிக்கைக்காரனின் கத்தரிக்கோலைத் தாண்டித்தான் ஒரு பாட்டு வெளிவர வேண்டியிருந்தது. வாயைத் திறக்கலாம் என்று ஆனதும் ஜனங்கள் கத்தினார்கள். வடக்கே பாஸ்க் பிரதேசத்தில் கப்பல் தளங்களுக்கும் உருக்காலைகளுக்கும் பூட்டு விழுந்தபோது, வேலை போன தொழிலாளியின் பிள்ளை கிதாரை எடுத்தான். தெற்கே கூலி விவசாயியின் பூமியிலிருந்து செவில் கோஷ்டி கிளம்பிற்று.

சத்தம் அதிகம் என்பது ஒரு குற்றச்சாட்டா? தறி ஓடும் கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் தோழரைக் கேட்டுப் பாருங்கள். எது இரைச்சல், எது பேச்சு என்று பிரித்தறிய அவர் காதுக்குத் தெரியும்.

கனவான்களுக்குப் பதில் சற்று நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் இந்தப் பாட்டு பிறந்த மண்ணைப் பார்த்துவிடுவோம்.

நாள் கூலியின் பூமி

செவில் நகரைத் தலைநகராகக் கொண்ட பிரதேசம் ஆண்டலூசியா. கண்ணுக்கெட்டிய தூரம் ஆலிவ் மரம், கோதுமை, சூரியகாந்தி. நிலம் யாருடையது? பிரபுக்களுடையது. ஒரே குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர். உழைக்கிறவனுக்கு அந்த ஊரில் ‘ஹொர்னலேரோ’ என்று பெயர். ‘ஹொர்னல்’ என்றால் ஒரு நாள் கூலி. அவன் பெயரே அதுதான்: நாள் கூலிக்காரன். விடியுமுன் ஊர்ச் சதுக்கத்தில் வரிசையாக நிற்பான். பிரபுவின் கங்காணி வந்து, “நீ வா, நீ வா” என்று கைகாட்டுவான். சங்கத்தில் சேர்ந்தவன் பக்கம் அந்தக் கை நீளாது. ஆலிவ் பறிப்பு முடிந்தால் வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம்.

1931-ல் ராஜா ஓடி, குடியரசு வந்தது. 1932-ல் நிலச் சீர்திருத்தச் சட்டமும் வந்தது. சட்டம் வந்தது, நிலம் வரவில்லை. 1933 ஜனவரியில் காதிஸ் ஜில்லாவில் காஸாஸ் வியேஹாஸ் என்ற கிராமத்தில் கூலி விவசாயிகள் பொறுமை இழந்து கிளம்பினார்கள். போலீஸ் வந்தது. ‘ஆறுவிரல்’ என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு கிழவரின் குடிசைக்குள் ஒளிந்தவர்களைக் குடிசையோடு கொளுத்தினார்கள். பிறகு வீடு வீடாகப் புகுந்து ஆட்களை இழுத்து வந்து, எரிந்த சாம்பலின் முன்னே நிறுத்திச் சுட்டார்கள். செத்தவர் இருபதுக்கு மேல். அப்போது மாட்ரிடில் ஆட்சியிலிருந்தது பிரபுக்களின் சர்க்கார் அல்ல. குடியரசுவாதிகளும் சோஷலிஸ்டுகளும் சேர்ந்த சர்க்கார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

மூன்றரை ஆண்டு கழித்து, 1936 ஜூலை 18-ல், பிரபுக்கள் தங்கள் பதிலைச் சொன்னார்கள். குவேபோ தெ யானோ என்ற படைத்தலைவன் செவில் நகரைப் பிடித்தான். நிலம் கேட்டவன், சங்கத்தில் கையெழுத்துப் போட்டவன், பள்ளிக்கூட வாத்தியார் என்று ஆயிரமாயிரம் பேர் சுட்டுக் குழியில் தள்ளப்பட்டார்கள். அந்தப் பாதகன் இரவுதோறும் செவில் ரேடியோவில் பேசினான். கொலைகளைச் சொல்லிப் பெருமையடித்தான். சிவப்பர்களின் பெண்களை என்ன செய்யப் போகிறோம் என்று வாய்கூசாமல் மிரட்டினான். அவன் 1951-ல் இயற்கையாகச் செத்தபோது, செவில் நகரின் புகழ்பெற்ற மக்கரேனா ஆலயத்துக்குள்ளேயே புதைத்தார்கள். அந்த எலும்பைத் தோண்டி வெளியே எடுக்க 2022 நவம்பர் வரை ஆயிற்று. எழுபது ஆண்டு!

நம் தேசத்துக்கு இந்தச் சரித்திரம் அந்நியமானது அல்ல. நேரு 1938-ல் பார்ஸலோனாவுக்கே போய்க் குடியரசின் பக்கம் நின்று பேசினார். இன்று அவருடைய படத்துக்கு மாலை போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கிறதோ!

பிராங்கோ செத்த மறு ஆண்டு, 1976-ல், ஆண்டலூசியாவின் கூலி விவசாயிகள் ‘வயல் தொழிலாளர் சங்கம்’ அமைத்தார்கள். அதைக் கட்டியவர்களில் ஒருவர் தியமந்தீனோ கார்ஸியா என்ற பாதிரியார். கோயிலில் பூசை முடித்துவிட்டு, கூலிக்காரர்களோடு சேர்ந்து அறுவடைக்குப் போன மனுஷர். சாமியாரைக் கண்டால் நமக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. இவரிடம் அது வேண்டியதில்லை.

செவில் ஜில்லாவில் மரினலேதா என்ற கிராமம். ஜனத்தொகை மூவாயிரத்துக்கும் குறைவு. ஏறக்குறைய எல்லோரும் நிலமற்றவர்கள். 1979-ல் சங்கத்தார் ஊராட்சியைப் பிடித்தார்கள். தலைவர் சான்செஸ் கொர்தீயோ. 1980 ஆகஸ்டில் அந்த ஊரார் சுமார் 700 பேர் உண்ணாவிரதம் கிடந்தார்கள். “பசிக்கு எதிராகப் பட்டினி” என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அரைப்பட்டினியாகக் கிடந்தவன் முழுப்பட்டினி கிடந்து காட்டினான்! தேசமே திரும்பிப் பார்த்தது. வேலையில்லாதோர் நிதி வந்தது. நிதி போதாது என்று அவர்களுக்குத் தெரியும்.

அருகே எல் உமோசோ என்ற பண்ணை. இன்ஃபன்டாடோ பிரபு வம்சத்தின் சொத்து. 1475-ல் ராஜா கொடுத்த பட்டம் அந்தக் குடும்பத்துடையது. ஐந்நூறு ஆண்டாக உட்கார்ந்து தின்கிற குடும்பம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பண்ணையில் ஊரார் இறங்கினார்கள். சிவில் கார்டு படை வந்து விரட்டிற்று. மறுபடி இறங்கினார்கள். மறுபடி விரட்டிற்று. வெயில் கொளுத்தும் ஆண்டலூசியக் கோடையில், கொடியைத் தூக்கிக்கொண்டு பெண்களும் கிழவர்களும் நாள்தோறும் ஊரிலிருந்து பண்ணைக்கு நடந்தார்கள். கேஸ், ஜாமீன், வாய்தா. திருந்தாத கேடிகள்! கடைசியில் 1991-ல் ஆண்டலூசிய சர்க்கார் பிரபுவுக்கு நஷ்டஈடு கொடுத்து நிலத்தை எடுத்து ஊருக்கு விட்டது. 1,200 ஹெக்டேர். நம் கணக்கில் ஏறத்தாழ 3,000 ஏக்கர்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பிரபு போட்டிருந்தது கோதுமையும் சூரியகாந்தியும். யந்திரம் ஒன்று ஓடினால் போதும், ஆள் வேண்டாம். கூட்டுறவார் அதை மாற்றினார்கள். மிளகாய், கூனைப்பூ, அவரை, ஆலிவ் என்று எந்தப் பயிருக்குக் கைவேலை அதிகமோ அதைத் தேடி நட்டார்கள். விளைந்ததைப் பதனம் செய்து டப்பாவில் அடைக்க ஊரிலேயே ஆலை வைத்தார்கள். ‘லாபம் எவ்வளவு’ என்று கேட்டுப் பயிர் வைப்பது முதலாளி வழக்கம். ‘எத்தனை பேருக்கு வேலை’ என்று கேட்டுப் பயிர் வைத்தார்கள் இவர்கள். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆறரை மணி நேர வேலைக்கு 47 யூரோ. வயலில் குனிந்தவனுக்கும் ஆபீசில் உட்கார்ந்தவனுக்கும் ஒரே கூலி. சர்க்கார் தந்த சாமானையும் சொந்த உழைப்பையும் போட்டு வீடு கட்டிக்கொண்டவர்கள் மாதம் 15 யூரோ கட்டினார்கள்.

அது சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. நிலத்தின் பட்டா ஊராரிடம் இல்லை. சர்க்கார் மானியம் இல்லாமல் வண்டி ஓடியதும் இல்லை. ஒரே மனிதர் 1979 முதல் 2023 வரை ஊராட்சித் தலைவராக இருந்தது ஸ்தாபனத்துக்கு ஆரோக்கியமா என்று கேட்பவர்கள் கேட்கலாம், நாமும் கேட்போம். ஆனால் ஐந்நூறு ஆண்டு பிரபு பரம்பரையைப் பற்றி ஒரு நாளும் மூச்சு விடாத பத்திரிகைகள் இந்த 44 ஆண்டைக் கண்டு துடிக்கிற துடிப்பு இருக்கிறதே, அதற்கு வேறு காரணம்.

கேடிகள் கிளம்பிய கதை

செவில் இளைஞர்கள் கோஷ்டி சேர்த்த 1987-ல் ஆட்சியில் இருந்தவர் பெலிப்பே கொன்சாலெஸ். சோஷலிஸ்ட். செவில் நகரத்துக்காரர். தொழிலாளர் வழக்குகளை நடத்திய வக்கீல். 1982 தேர்தலில் 8 லட்சம் வேலை உண்டாக்குவோம் என்று சொல்லி வென்றார். சில ஆண்டுகளில் ஐந்தில் ஒருவர் வேலையில்லாமல் நின்றார். நேட்டோ யுத்தக் கூட்டு வேண்டாம் என்று சொல்லி ஓட்டு வாங்கியவர், 1986 மார்ச்சில் அதே நேட்டோவில் நீடிக்க ஓட்டுப் போடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1988 டிசம்பர் 14-ல் தேசம் முழுவதும் பொது வேலைநிறுத்தம், டெலிவிஷன்கூட நின்றுபோயிற்று.

கூலி விவசாயிக்கு இந்த சர்க்கார் கொடுத்தது என்ன? 1984-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆண்டில் 60 நாள் வயலில் வேலை செய்ததாக அத்தாட்சி காட்டினால் வேலையில்லாத மாதங்களுக்கு உதவித் தொகை. நல்லதுதானே என்று தோன்றும். அத்தாட்சியில் கையெழுத்துப் போடுகிறவன் யார்? பண்ணைக்காரன்! சதுக்கத்தில் கைகாட்டிய அதே கை இப்போது பேனா பிடித்தது. கையெழுத்து வேண்டுமானால் வாயை மூடிக்கொண்டிரு என்று ஆயிற்று. கையெழுத்தை விலைக்கு விற்றவர்களும் உண்டு.

1992-ல் செவிலில் உலகக் கண்காட்சி. கொலம்பஸ் கடல் கடந்ததன் 500-வது ஆண்டாம்! மாட்ரிடிலிருந்து அதிவேக ரயில் விட்டார்கள். கண்காட்சிக்கு 4 கோடிக்கு மேல் வருகை. அந்த ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தவனுக்கு ஆலிவ் மரம் தெரிந்திருக்கும். மரத்தடியில் குனிந்து பொறுக்கியவள் தெரிந்திருக்க மாட்டாள்.

அவளைப் பார்த்தவர்கள் இந்தக் கேடிகள். மரினலேதாவுக்கு நிலம் வந்த அதே 1991-ல் வெளிவந்த அவர்களது இரண்டாவது தட்டின் பெயர் ‘ஓர் அடியும் பின்வாங்கோம்’. 1993-ல் வந்த தட்டு ‘வெயிலும் வெஞ்சினமும்’ என்று பொருள்படும் பெயர் கொண்டது. ‘ஆண்டலூசியா என்டேரா’ என்ற அவர்களுடைய பாட்டு நிலப் போராட்டத்தைப் பற்றியது. முழு ஆண்டலூசியாவும் என்று அதற்கு அர்த்தம். பாடகர் பெர்னாந்தோ மதீனா சங்கீத வித்வான் தோரணையில் பாடுகிறவர் அல்ல. ஊர்வலத்தில் முன்னே போய்க் கோஷம் கொடுக்கும் தோழரின் குரல் மாதிரி இருக்கும். லண்டனில் ‘எதிர்காலமே இல்லை’ என்று தலையிலடித்துக்கொண்ட பங்க் கோஷ்டிகளுக்கும் இவர்களுக்கும் உள்ள பேதம் இங்கேதான். அவர்கள் சகலத்தையும் திட்டினார்கள். இவர்கள் திட்டும்போது நிலத்துக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் என்பது தெரிந்தது.

இப்போது கனவான்களிடம் வருவோம். பாட்டில் அரசியல் கூடாது என்கிறீர்களே, குவேபோ தெ யானோ ரேடியோவில் இரவுதோறும் கக்கினானே, அது என்ன ராகம்? முப்பது ஆண்டுக்கும் மேலாகச் சினிமாக் கொட்டகையில் படத்துக்கு முன்னால் பிராங்கோவின் செய்திச் சுருளைக் கட்டாயமாக ஓட்டினார்களே, அது கலையா, அரசியலா? பாட்டுகளைத் தணிக்கைக்காரன் வெட்டியபோது கலையின் புனிதத்துக்கு எந்தப் பங்கமும் வரவில்லையா? கொலம்பஸ் பெயரில் கண்காட்சி நடத்தி, அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகளைக் கொன்று குவித்ததை ‘சந்திப்பு’ என்று அழகாகப் பெயரிட்டார்களே, அங்கே வாசித்த வாத்தியங்களில் அரசியல் இல்லையோ? பிரபுவைப் புகழ்ந்தால் சங்கீதம். கூலிக்காரன் பெயரைச் சொன்னால் பிரசாரம். இந்த ஞானம் உங்களுக்கு எந்தக் குருவிடம் கிடைத்தது?

“பாட்டில் அரசியல் வேண்டாம்” என்பதன் அர்த்தத்தைத் தோண்டிப் பார்த்தால், “பாட்டில் கூலிக்காரன் வேண்டாம்” என்பதுதான் கிடைக்கிறது.

வாய்ப்பூட்டு

வாதத்தில் தோற்றவர்கள் சட்டத்தை எடுத்தார்கள். 2015 ஜூலை 1 முதல் ஸ்பெயினில் ஒரு பந்தோபஸ்துச் சட்டம் அமலுக்கு வந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் வாய்ப்பூட்டுச் சட்டம். கூட்டம் கூடியதற்கு, போலீசுக்கு வழிவிடாமல் உட்கார்ந்ததற்கு அபராதம் போடலாம். கோர்ட் விசாரணை வேண்டாம், அதிகாரியே போடலாம். உச்ச வரம்பு 6 லட்சம் யூரோ. கூலிக்காரனுக்கு 600 யூரோ போட்டாலே போதும், அவன் அடுத்த ஊர்வலத்துக்கு வரத் தயங்குவான். அதற்காகத்தான் சட்டம்.

இதோடு கிரிமினல் சட்டத்தில் 578-வது பிரிவு. பயங்கரவாதத்தைப் புகழ்ந்தால் சிறை. ராஜாவை அவமதித்தால் அதற்கு வேறு பிரிவு. குண்டு வைத்தவனைப் பிடிக்க வந்த பிரிவு பாடுகிறவனைப் பிடித்தது. விட்டோரியா நகரத்து ‘சோசியதாத் அல்கோகோலிகா’ என்ற கோஷ்டியை 2006-ல் விசேஷக் கோர்ட்டில் நிறுத்தினார்கள், விடுதலையானார்கள். மயோர்க்கா தீவின் வால்தோனிக் என்ற இளம் பாடகருக்குப் பாட்டு வரிகளுக்காக மூன்றரை ஆண்டு சிறை விதித்தார்கள். அவர் 2018-ல் பெல்ஜியத்துக்குப் போனார். பெல்ஜியம் திருப்பி அனுப்ப மறுத்தது. அந்த வழக்கின் விளைவாக, ராஜாவை அவமதிப்பது குற்றம் என்ற 1847-ம் ஆண்டுச் சட்டம் பெல்ஜியத்திலேயே செல்லாது என்று ஆயிற்று! தண்டனைக் காலம் காலாவதியான பிறகு 2023-ல்தான் அவர் ஊர் திரும்ப முடிந்தது.

பாப்லோ ஹசேல் கதை இன்னும் கசப்பானது. 2021 பிப்ரவரி 16-ல் யேய்தா பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் போலீஸ் புகுந்து அவரை இழுத்துச் சென்றது. ராஜாவைப் பற்றியும் போலீசைப் பற்றியும் எழுதியதும் பாடியதும் குற்றம். அந்த ராஜா எங்கே இருந்தார்? பணக் கொடுக்கல்வாங்கல் சந்தி சிரித்ததால் 2020 ஆகஸ்டிலேயே மூட்டை கட்டிக்கொண்டு அபுதாபி போய்விட்டார். அவர் மீதான விசாரணையை 2022 மார்ச்சில் மூடிவிட்டார்கள். ராஜாவாக இருந்த காலத்துக்கு அவரைக் கேள்வி கேட்க முடியாதாம். மற்றது காலாவதியாம், வரிப் பாக்கியைப் பிறகு கட்டிவிட்டாராம். பணம் சேர்த்தவர் கடற்கரையில். பாடியவர் கம்பிக்குப் பின்னே. ஹசேலின் ஒவ்வொரு வாசகத்தையும் நாம் ஏற்கவில்லை. சில வாசகங்கள் அசட்டுத்தனமானவை. ஆனால் அசட்டுத்தனத்துக்குச் சிறை என்றால் ஸ்பெயின் பார்லிமெண்டில் விளக்குப் போட ஆள் இருக்காது.

சங்கத்தின் மீதும் இதே கை. 2012 ஜூலையில் கூலி விவசாயிகள் ஓசூனா அருகே ராணுவம் வைத்திருந்த லாஸ் துர்கீயாஸ் பண்ணையில் இறங்கினார்கள். குதிரை வளர்க்கிறோம் என்று ராணுவம் நிலத்தைப் பிடித்து வைத்திருந்தது. குதிரைக்கு இருந்த நிலம் மனுஷனுக்கு இல்லை. தலைவர்களுக்கு 7 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 7-ல் எசிஹா, ஆர்கோஸ் ஊர்களில் பெரிய அங்காடிகளுக்குள் புகுந்து அரிசி, எண்ணெய், பால், சர்க்கரை ஆகியவற்றை வண்டியில் நிரப்பி ஏழைகளுக்குக் கொண்டுபோனார்கள். வேலையின்மை தலைவிரித்தாடிய ஆண்டு அது. பாங்கிகளுக்குக் கோடி கோடியாகக் கொட்டிக் கொடுத்தபோது திருட்டு என்று எவரும் சொல்லவில்லை. அரிசி மூட்டைக்கு மட்டும் ‘கொள்ளை!’ என்று எல்லாப் பத்திரிகையும் அலறின.

வாய்ப்பூட்டுச் சட்டத்தை ரத்து செய்வோம் என்று சொல்லிவிட்டு 2018-ல் சோஷலிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். 2020 முதல் கூட்டு மந்திரிசபை. அதில் கம்யூனிஸ்டுகளும் மந்திரிகள். 2023 மார்ச்சில் திருத்த மசோதா பார்லிமெண்டுக் கமிட்டியிலேயே தோற்றது. ரப்பர் குண்டுகளைத் தடை செய்ய மசோதாவில் இடமில்லை என்று இடதுசாரி தேசியக் கட்சிகள் எதிர்த்தன; வலதுசாரிகள் எப்படியும் எதிர்த்தார்கள். மந்திரி நாற்காலியில் உட்கார்ந்த தோழர்கள் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். சட்டத்தைக் கொண்டுவந்த வலதுசாரியைத் திட்டிவிட்டு, தொடாமல் வைத்திருந்தவனை விட்டுவிட்டால் அது நேர்மை ஆகாது.

பாட்டு மட்டும் போதுமா?

போதாது. இதையும் பச்சையாகச் சொல்லிவிட வேண்டும். இம்மாதிரிக் கோஷ்டிகளைச் சுற்றித் திரளும் வாலிபர்களிடையே, “கட்சி வேண்டாம், தலைமை வேண்டாம்” என்ற அராஜகவாதப் பேச்சு அடிக்கடி கேட்கும். ஆண்டலூசியாவில் அதற்கு நீண்ட பரம்பரை உண்டு. காஸாஸ் வியேஹாஸில் வெந்து செத்தவர்களும் அந்த நம்பிக்கைக்காரர்கள்தான். அவர்கள் தியாகத்துக்குத் தலைவணங்குகிறோம். ஆனால் இரவு கச்சேரியில் முஷ்டியை உயர்த்திவிட்டுக் காலையில் தனித்தனியே வேலை தேடிப் போகிற ஆயிரம் பேரால் ஒரு பண்ணைக்காரனின் ஒரு வரப்பைக்கூட நகர்த்த முடியாது. மரினலேதாவில் நிலம் வந்தது பாட்டால் அல்ல. சங்கம் இருந்தது, ஆண்டுக்கணக்கில் நடந்த கால்கள் இருந்தன. அந்தக் கால்களுக்குப் பாட்டு துணை போயிற்று.

2018 டிசம்பர் 2-ல் நடந்ததைப் பாருங்கள். பிராங்கோவின் வாரிசுகளான வோக்ஸ் கட்சியார் ஸ்பெயினில் முதன்முதலாக ஒரு பிரதேச சட்டசபைக்குள் நுழைந்தார்கள். எந்தப் பிரதேசம்? ஆண்டலூசியா! 109 இடங்களில் 12. அந்தத் தேர்தலில் ஓட்டே போடாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். தலைமுறைக் கணக்கில் சோஷலிஸ்டுகள் ஆண்டு, கையெழுத்துக்குக் கையேந்த வைத்த பூமியில் கூலிக்காரன் வெறுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்தான். பிரபுவின் பேரன் தவறாமல் ஓட்டுச் சாவடிக்குப் போனான்.

அதோடு, ‘ஹொர்னலேரோ’ இன்று யார் என்பதையும் பாட்டுக்காரர்களும் சங்கத்தாரும் மறந்துவிடலாகாது. அல்மேரியா ஜில்லாவில் பிளாஸ்டிக் கொட்டகைக்குள் காய்கறி விளைகிறது. 30,000 ஹெக்டேருக்கு மேல், கடல் மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக். உள்ளே புழுங்கிச் சாகிறவன் மொராக்கோவிலிருந்தும் செனகலிலிருந்தும் வந்தவன். 2000 பிப்ரவரியில் எல் எஹீதோ என்ற ஊரில் மூன்று நாள் வேட்டையாடினார்கள். ஒரு புத்தி சுவாதீனமற்ற மொராக்கோக்காரன் ஒரு பெண்ணைக் கொன்றான் என்று, அந்த இனத்தாரின் குடிசைகளையும் கடைகளையும் அடித்து நொறுக்கிக் கொளுத்தினார்கள். மறுவாரமே கொட்டகைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தக்காளி அழுக ஆரம்பித்ததும் முதலாளிகளுக்கு இனவெறி கொஞ்சம் தணிந்தது!

உவெல்வா ஜில்லாவின் ஸ்ட்ராபெர்ரித் தோட்டங்களுக்கு மொராக்கோவிலிருந்து பெண்களை ஒப்பந்தம் பேசிக் கொண்டுவருகிறார்கள். எந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுப்பார்கள் தெரியுமா? ஊரில் சிறு குழந்தையை விட்டுவிட்டு வருகிறவளை. பறிப்பு முடிந்ததும் பிள்ளைக்காக அவள் திரும்பிப் போயே தீருவாள் அல்லவா! தாய்ப் பாசத்தை ஜாமீனாக வாங்கி வைத்துக்கொண்டு பழம் பறிக்கும் இந்த ஏற்பாட்டை எந்த ராட்சசன் யோசித்தானோ தெரியவில்லை.

அவளுக்குச் செவில் கோஷ்டியின் ஸ்பானியப் பாட்டு புரியாது. அங்கே வேறு வேலை நடக்க வேண்டியிருக்கிறது, நடக்கவும் செய்கிறது. 1976-ல் தொடங்கிய அந்த வயல் தொழிலாளர் சங்கம் 2007-ல் மற்றச் சங்கங்களோடு சேர்ந்து ஆண்டலூசியத் தொழிலாளர் சங்கமாயிற்று. அல்மேரியாவில் அதன் ஊழியர்களில் மொராக்கோத் தொழிலாளிகளும் இருக்கிறார்கள். கொட்டகை கொட்டகையாகப் போய், சம்பளச் சீட்டைக் கையில் வாங்கி, எத்தனை நாள் வேலை செய்தாய், எத்தனை நாள் எழுதியிருக்கிறான் என்று அவர்கள் பாஷையிலேயே கேட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள்.